புதுப்பிப்பு: ஏரான் நாற்காலியில் எந்தச் சாய்வு, எந்த முதுகுத் தாங்கல்?

ஹெர்மன் மில்லர் நிறுவனத்தின் ஏரான் அலுவலக நாற்காலியில், பின்னால் எவ்வளவு சாயலாம் என்று நிறுத்திவைக்கிற பின்சாய்வுக் கட்டுப்பாடு மட்டும் போதுமா, இருக்கை முன்னால் சாயும் வசதியும் வேண்டுமா, முதுகைத் தாங்க லம்பார் பட்டையா, போஸ்ச்சர்ஃபிட் எஸ்எல் என்கிற இரட்டைப் பட்டையா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி, வாங்கியாச்சு.

முன்சாய்வோடுதான் எடுத்தேன். நாள் முழுக்க மேசையில் குனிந்து வரைகிற வேலை எனக்கு, இப்போது இடுப்பு மடங்காமல் நிமிர்ந்தே வரைய முடிகிறது. ஆனால் பாதம் தரையில் நன்றாகப் பதியாவிட்டால் முன்னால் வழுக்கிக்கொண்டே இருக்கும், உயரத்தை முதலில் சரிபண்ணுங்கள்.

அப்புறம் முதுகு. லம்பார் பட்டை இடுப்பு வளைவை மட்டும் தாங்கும். போஸ்ச்சர்ஃபிட் எஸ்எல்லில் தனித்தனியாக இரண்டு பட்டைகள், கீழ்ப்பட்டை இடுப்புக்கும் கீழே முதுகெலும்பு முடிகிற இடம் வரை தாங்குகிறது. என் உடம்புக்கு இதுதான் சரி. ஏ, பி, சி என்று மூன்று அளவு உண்டு, உட்கார்ந்து பார்த்தே எடுங்கள். அளவு தப்பினால் எந்தத் தாங்கலும் உரிய இடத்தில் படாது.