352 விமானங்களை ஒரே ஆள் வீழ்த்தினாரா?

காரைக்குடியான்: செட்டிநாட்டில் இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஓடுதளம் கிடக்கிறதே, அதைப் பார்த்ததிலிருந்து என் பையனுக்கு விமானப் பைத்தியம். எரிக் ஹார்ட்மன் என்ற ஜெர்மன்காரர் 352 விமானங்களைச் சுட்டார் என்கிறான். அமெரிக்காவில் முதலிடம் பிடித்த ரிச்சர்ட் பாங்குக்கே 40தான். நம்புகிற மாதிரியா இருக்கிறது?

தேவகோட்டை தம்பி: காரணம் இருக்கிறது அண்ணே. அமெரிக்காவில் தேர்ந்த விமானிகளைக் கொஞ்ச காலத்தில் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள், ஜெர்மனியில் சாகிற வரை பறக்க வேண்டியதுதான். ஹார்ட்மன் 1942 அக்டோபரில் சோவியத்தோடு சண்டை நடந்த கிழக்குப் போர்முனைக்கு வந்து 1,400 தடவைக்கு மேல் கிளம்பியிருக்கிறார். எதிரி விமானம் முன்கண்ணாடியை அடைத்துக்கொண்டு தெரிகிற வரை நெருங்கி, சுட்டுவிட்டு ஓடிவிடுவார், சுற்றிச் சுற்றிச் சண்டை போடுவதெல்லாம் கிடையாது. அவ்வளவு கிட்டப் போனதால் சிதறிய துண்டுகள் பட்டே அவர் விமானம் பல தடவை விழுந்தது. 1943 ஆகஸ்டில் அப்படி இறங்கிச் சோவியத் படையிடம் சிக்கி, அடிபட்ட மாதிரி நடித்துத் தப்பினார்.

பள்ளத்தூர் வாசி: 352 என்பது அவர்கள் பக்கத்துக் கணக்கு. சோவியத் ஆவணங்களோடு ஒப்பிட்ட சிலர் அவ்வளவு வராது என்கிறார்கள். அந்த அமளியில் எந்த நாட்டுக்காரனும் கூட்டித்தான் சொல்வான். நாஜி அரசுக்காகப் பறந்தவர் என்பதையும் பையனிடம் சேர்த்தே சொல்லுங்கள்.

காரைக்குடியான்: சரி, அப்புறம் என்ன ஆனார்?

தேவகோட்டை தம்பி: அமெரிக்கர்களிடம் சரணடைந்தார், அவர்கள் சோவியத்திடம் ஒப்படைத்துவிட்டார்கள். 1955இல்தான் விடுதலை. பிறகு மேற்கு ஜெர்மன் விமானப்படையில் சேர்ந்து, எஃப்-104 என்ற அமெரிக்கப் போர்விமானம் வேண்டாமென்று மேலிடத்தோடு மல்லுக்கட்டி, 1970இல் ஓய்வு பெற்றார்.