கேப் பிரெட்டனில் ஆர்.வி. பயணம்: எந்தத் திசையில் சுற்றுவது?

வணக்கம் நண்பர்களே. செப்டம்பர் இறுதியில் கனடாவின் ஹாலிஃபாக்ஸில் ஆர்.வி. (தங்கும் வசதியுள்ள பெரிய வண்டி) வாடகைக்கு எடுத்துக்கொண்டு, அப்பா அம்மாவுடன் கேப் பிரெட்டன் தீவுக்குப் போகிறோம். தீவின் வடபகுதியைச் சுற்றிவரும் கேபட் டிரெயில் சாலை ஏறத்தாழ 300 கிலோமீட்டர்தான், ஒரே நாளில் சுற்றிவிடலாம் என்கிறார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை. பிடித்த இடத்தில் கூடுதலாக ஓர் இரவு தங்க வேண்டும்.

கவலையெல்லாம் வழியில் வரும் ஸ்மோக்கி முனையின் செங்குத்துச் சரிவுதான். கடிகாரத் திசையில் போனால் மலையோரத் தடம், ஆனால் அந்தச் சரிவில் இறக்கம். எதிர்த்திசையில் கடலோரத் தடம், ஆனால் ஏற்றம். கனமான வண்டிக்கு எது நல்லது?

செட்டிகாம்ப், பிராட் கோவ் முகாம்களில் முன்பதிவின்றி இடம் கிடைக்குமா? ஸ்காட்லாந்துக் குடியேறிகளின் ஃபிடில் இசை என்றால் அப்பாவுக்கு உயிர். மாபூ, ஜூடிக் பக்கம் வார நாள்களில் கச்சேரி உண்டா? ஐயோனாவின் ஹைலண்ட் வில்லேஜ் அருங்காட்சியகத்துக்கு அரை நாள் போதுமா? போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.