அம்புக்குறி போடாத கல்: மலை ஆராய்ச்சிக்குப் போனவர்களின் அனுபவங்கள்

மலைத்தொடர்கள் எப்படி உண்டாகின்றன, எப்படி மடங்கி நொறுங்குகின்றன என்று பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்தவர்கள் இங்கே சிலராவது இருப்பீர்கள். ஆய்வுக் கட்டுரையில் எழுத முடியாத கதைகளை எழுதுங்கள். நான் தொடங்கி வைக்கிறேன்.

முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்த முதல் வருடம். அக்டோபர் மாதம், ரிஷிகேஷிலிருந்து பத்ரிநாத் போகும் சாலை. பக்தர்களுக்கு அது யாத்திரைப் பாதை. ஜியாலஜிக்காரர்களுக்கு இமயமலையைக் குறுக்கே அறுத்து வைத்த இடம். பாதியை அலக்நந்தா ஆறு அறுத்திருக்கிறது, மீதியைச் சாலை போட்டவர்கள் வெட்டியிருக்கிறார்கள்.

ஹேலாங் என்ற ஊர்ப் பக்கம் மெயின் சென்ட்ரல் த்ரஸ்ட் என்ற பெரிய பாறைப் பிளவு அந்தச் சாலையைக் கடக்கிறது. சுருக்கமாக எம்சிடி. பெயரைக் கேட்டுவிட்டு, வாயைப் பிளந்துகொண்டு ஒரு பெரிய வெடிப்பு இருக்கும் என்று நினைத்துப் போனேன். அப்படி ஒன்றும் இல்லை. இழுத்து விசிறிய பரோட்டா மாவு மாதிரி, அடுக்கடுக்காக நசுங்கிய பாறை கிலோமீட்டர் கணக்கில் இருக்கிறது. சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் வடக்குப் பக்கத்துப் பாறை தெற்கு நோக்கி ஏறி வந்த தடம் அது.

பூமிக்குள் ஆழம் போகப் போகச் சூடு கூடும். அதனால் நன்றாக வெந்த பாறை அடியிலும், லேசாக வெந்தது மேலேயும் இருக்க வேண்டும். இங்கே தலைகீழ். மேலே ஏற ஏற முதலில் கார்னெட் என்ற சிவப்புத் தாது, பிறகு நீலக் கத்தி போன்ற கயனைட், பத்ரிநாத் பக்கம் போனால் சில்லிமனைட். எல்லாம் அதிகமாகிக்கொண்டே போகும் சூட்டின் அடையாளங்கள். இட்லிப் பானையில் மேல்தட்டு வெந்து அடித்தட்டு மாவாகவே இருந்தால் எப்படி இருக்கும்? அது ஏன் இப்படி என்று நூறு வருடத்துக்கு மேலாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். நானும் அந்தச் சண்டையில் ஓரமாக நின்று ஒரு கல் எறியப் போனவன்தான்.

ஒரு நாள் முன்னால் எங்கோ மண் சரிந்து வண்டிகள் வரிசையாக நின்றுவிட்டன. நான் சாலையோரம் சுத்தியலோடு உட்கார்ந்திருந்தேன். பின்னால் தமிழ்க் குரல். "என்ன தம்பி, தங்கமா தேடுறீங்க?" கும்பகோணம் பக்கத்திலிருந்து வந்த யாத்திரை பஸ். கேட்ட அம்மாவுக்கு எழுபது வயதாவது இருக்கும். தங்கம் இல்லம்மா, இதுதான் என்று கார்னெட்டைக் காட்டினேன். "மாதுளை முத்து மாதிரியே இருக்கே" என்றார். லத்தீனில் மாதுளையிலிருந்துதான் கார்னெட்டுக்கு அந்தப் பெயரே வந்தது. யாரும் சொல்லித் தராமல் அவர் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டார். உற்சாகத்தில் அவருக்கு ஒன்றைப் பெயர்த்துக் கொடுத்தேன். அப்புறம் பஸ்ஸே இறங்கி வந்துவிட்டது. ஆளுக்கொரு மாதுளை முத்து.

அந்தக் களேபரத்தில் எனக்கென்று உடைத்து எடுத்த சாம்பிளில் அம்புக்குறி போட மறந்துபோனேன்.

மற்றவர்களுக்கு இது புரியாது. கல்லைப் பெயர்க்கும் முன்பே மார்க்கரால் வடக்கு எது, சாய்வு எந்தப் பக்கம், மேல் எது என்று கல்லின் மேலேயே குறிக்க வேண்டும். ஊருக்கு வந்து அதை 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் வைத்தால், வளரும்போதே உருண்ட கார்னெட்டுக்குள் சுருள் தெரியும். சுருள் எந்தப் பக்கம் சுற்றியிருக்கிறது என்பதிலிருந்து மேல்பாறை தெற்கே போனதா வடக்கே போனதா என்று சொல்லலாம். கல்லைத் திருப்பிப் பிடித்தால் பதிலும் திரும்பிவிடும். எம்சிடியில் மேல்பக்கம் தெற்கே போயிருக்கிறது. அதே மலையில் இன்னும் மேலே, தென்திபெத்துப் பெயர்ச்சி என்ற இன்னொரு பிளவில், மேல்பக்கம் வடக்கே சரிந்திருக்கிறது. அதனால் ஊகித்து எழுதவும் முடியாது.

என் வாழ்க்கையில் பார்த்த மிக அழகான சுருள் அந்தக் கல்லில்தான் இருந்தது. கைடு பார்த்தார், வெகுநேரம் பார்த்தார். "வடக்கு எது?" என்றார். நான் பேசவில்லை. பெட்டியில் போட்டு மேலே "அழகான கல்" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

* * *

மேலே எழுதியவருக்கு ஆறுதல். எங்கள் கதையில் கல் வீட்டிலேயே இருந்தது.

எங்களுடையது ஸ்ரீரங்கத்துக் குடும்பம். தாத்தா தினமும் சாளக்கிராமத்துக்குத் திருமஞ்சனம் செய்வார். நான் எம்எஸ்ஸி ப்ராஜெக்டுக்கு ஸ்பிதி பள்ளத்தாக்குக்குப் போனேன். லாங்சா என்ற ஊர், 4,000 மீட்டருக்கு மேல். ஒரு பையன் கை நிறைய அம்மோனைட் வைத்துக்கொண்டு வந்தான். இந்தியாவுக்கும் ஆசியாவுக்கும் நடுவே ஒரு காலத்தில் இருந்த டெதிஸ் கடலில் வாழ்ந்த, சுருள் ஓடு கொண்ட பிராணியின் படிவம். இந்தியா வந்து மோதியபோது அந்தக் கடலின் அடித்தளம்தான் மடிந்து இவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது. நான் கடலோரம் படித்தவன் என்றதும் பையனுக்கு என் கையில் இருந்த கருவி எதுவும் முக்கியமாகப் படவில்லை. கடல் தண்ணீர் உண்மையிலேயே உப்பா என்று மூன்று முறை கேட்டான்.

ஊருக்கு வந்து தாத்தாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். முக்திநாத் பக்கம் கண்டகி ஆற்றில் கிடைக்கும் சாளக்கிராமமும் அதே வகைக் கல், உள்ளே இருக்கும் சக்கரம் அம்மோனைட்டின் அச்சு, அது கடல்பிராணி என்று. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "கடல்ல இருந்தா என்னடா, பெருமாள் படுத்திருக்கறதே பாற்கடல்லதானே" என்று சொல்லிவிட்டு மணியை எடுத்தார்.

* * *

நான் மலைக்கே போகாமல் மலை ஆராய்ச்சி செய்தவள். மணல்பெட்டி ஆய்வகம். கண்ணாடிச் சுவர் வைத்த பெட்டியில் கலர் கலராக மணலை அடுக்கி, ஒரு பக்கத்திலிருந்து மோட்டார் மெதுவாகத் தள்ளும். மணல் ஆப்பு வடிவில் குவியும். ஒரு குறிப்பிட்ட சரிவு வரும்வரை தடித்துக்கொண்டே இருக்கும், அதற்குப் பிறகு முன்பக்கம் புதிதாக ஒரு பிளவு கிளம்பும். டேவிஸ், சுப்பே, டாலன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1983இல் இதற்குக் கணக்கு எழுதினார்கள். புல்டோசர் முன்னால் குவியும் மண்ணும் மலைத்தொடரும் ஒரே கணக்கில் அடங்கும் என்பது எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் அநியாயமாகத்தான் படுகிறது. அடியில் வழுக்கினால் ஆப்பு தட்டையாகப் பரவும். பாகிஸ்தானில் உப்புமலைத்தொடர் பக்கம் அடியில் உப்புப் படுகை இருப்பதால் அப்படித்தான் ஆகியிருக்கிறது.

சரி, கதைக்கு வருகிறேன். ஐப்பசி மழையில் என் சோதனை எதுவுமே முந்தைய மாதத்தோடு ஒத்துவரவில்லை. மோட்டாரைக் கழற்றி மாட்டினேன், கேமராவை மாற்றினேன், இரண்டு வாரம் போயிற்று. ஆய்வகத்தைப் பெருக்க வரும் அக்கா ஒரு நாள் மணலைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு, "நமுத்துப் போச்சும்மா. ரவையை வறுத்துத்தானே டப்பால போடுவோம், இதையும் வறுத்துடு" என்றார். ஈரக்காற்றில் மணல் ஒட்டிக்கொள்கிறது, அவ்வளவுதான் விஷயம். அடுப்பில் காயவைத்தோம். ஆய்வேட்டின் நன்றியுரையில் அக்கா பெயர் கைடு பெயருக்கு அடுத்தபடியாக இருக்கிறது.

* * *

நான் ஜிபிஎஸ் தரவு பார்ப்பவன், சுருக்கமாகச் சொல்கிறேன். நேபாளத்தில் இமயமலை வருடத்துக்கு சுமார் 2 சென்டிமீட்டர் நெருக்கப்படுகிறது. நகம் வளரும் வேகம் மாதிரிதான். 2015 ஏப்ரல் 25 அன்று அந்த நெருக்கத்தின் ஒரு பகுதி ஒரு நிமிடத்துக்குள் நிலநடுக்கமாக விடுபட்டது. அளவு 7.8. காத்மாண்டு தெற்கே ஒரு மீட்டருக்கு மேல் நகர்ந்து, உயர்ந்தும் போனது.

எங்களுக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கூட மொட்டைமாடியில் கருவி இருந்தது. அதைப் பார்த்துக்கொண்ட காவலாளிக்கு நாலு நாள் கழித்துத்தான் போன் கிடைத்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவரே இந்தியில் சொன்னார், "மெஷின் நன்றாக இருக்கிறது சார். வீடு இல்லை." தரவை எப்போது அனுப்பட்டும் என்றும் கேட்டார்.

இதற்கு மேல் எழுத வரவில்லை.

* * *

எல்லோரும் இமயமலைக்கே போகிறீர்கள். சேலம், நாமக்கல் பக்கம் வருவதற்கு ஆளில்லை. ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் கோண்ட்வானா என்ற பழைய பெருங்கண்டம் ஒன்றுசேர்ந்தபோது எழுந்த மலைத்தொடரின் வேர் பாலக்காடு–காவிரிப் பட்டையில் கிடக்கிறது. மேலே இருந்த மலை தேய்ந்து போய்விட்டது. இமயமலைக்கு அடியில் இன்று பல கிலோமீட்டர் ஆழத்தில் நடக்கும் சமாச்சாரத்தை, நீங்கள் இங்கே ஆட்டுப்பட்டிக்குப் பக்கத்தில் செருப்போடு நின்று பார்க்கலாம்.

பிரச்சினை பாறை அல்ல, சந்தேகம். காம்பஸும் நோட்டும் கையில் இருந்தால் "நிலம் எடுக்க வந்தீங்களா, குவாரிக்கு அளக்க வந்தீங்களா?" என்பார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. ஒரு கவுண்டர் தோட்டத்தில் அரைநாள் வாசலிலேயே நின்றேன். கடைசியில் மோர் கொடுத்து, "மேல என்ன இருக்குது, கிணத்துக்குள்ள பாருங்க" என்றார். இறங்கிப் பார்த்தால் வெடி வைத்துத் தோண்டிய நாலு சுவரிலும் புத்தம்புதிய மடிப்புகள். மடிப்பின் மேல் மடிப்பு. வெயில் படாத அந்தக் கருங்கல் சுவர் மாதிரி வெட்டுமுகம் சாலையோரத்தில் எங்கேயும் கிடைக்காது. அன்றிலிருந்து ஊருக்குள் போனால் முதலில் கிணறு எங்கே என்றுதான் கேட்பேன்.

* * *

தொடங்கியவன் மறுபடி வருகிறேன். கல் என்ன ஆயிற்று என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். அடுத்த வருடம் அதே வளைவுக்குப் போனேன். மழையில் சரிந்து, கல் எடுத்த இடத்தில் வலை போட்டுச் சுவர் கட்டிவிட்டார்கள். சற்றுத் தள்ளி வேறு கல் எடுத்தேன், அம்புக்குறி இரண்டு பக்கமும் போட்டு. அது தெற்கு என்கிறது, சுருள் சுமாராகத்தான் இருக்கிறது. ஆய்வேட்டில் போனது அதுதான். "அழகான கல்" என் மேசையில், பேப்பர் பறக்காமல் இருக்க.