தமிழ்நாட்டுக் கோயில் சுற்றுலா: கடைசி மூன்று நாளை எப்படி அடுக்குவது?

சிப்புட்_குழு:
வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து 32 பேர், பாதிப்பேர் அறுபதைத் தாண்டியவர்கள். 12ஆம் தேதி காலை சிதம்பரம் தரிசனம். அதன்பின் காஞ்சிபுரம், மாமல்லபுரம், தி.நகர் என்று ஏஜெண்ட் எழுதியிருக்கிறார். சென்னையில் விமானம் 15ஆம் தேதி இரவு 12.25. ஆளுக்கு 20 கிலோ பெட்டி, கையில் 7 கிலோ. இந்த வரிசை சரியா? பெட்டி கட்டும்போது எதைக் கவனிக்கணும்?

பழைய_லயம்:
முதலில் தேதி. 15ஆம் தேதி 12.25 என்றால் 14ஆம் தேதி ராத்திரி சாப்பிட்டுவிட்டு ஏறும் விமானம். குழுக்கள் விமானத்தைக் கோட்டைவிடுவது பெரும்பாலும் இங்கேதான். டிக்கெட்டில் உள்ளதை அப்படியே அனுப்பாமல், "14 இரவு 8.30, மீனம்பாக்கம்" என்று வாட்ஸ்அப்பில் போடுங்கள். வாசலிலேயே டிக்கெட்டையும் கடப்பிதழையும் (பாஸ்போர்ட்) பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். இரண்டும் பெட்டிக்குள் போய்விடக் கூடாது. சக்கர நாற்காலி வேண்டியவர்களுக்கு இரண்டு நாள் முன்பே சொல்லி வையுங்கள்.

14 நண்பகலில் அறையைக் காலி செய்யச் சொல்வார்கள். இரண்டு அறையை மட்டும் மாலைவரை நீட்டி எடுங்கள். வயதானவர்கள் குளித்து, காலை நீட்டிப் படுக்க அது போதும்.

வரிசையை மாற்றுங்கள். சிதம்பரத்திலிருந்து புதுச்சேரி வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வந்தால் மாமல்லபுரம் வழியிலேயே வருகிறது. ஆறு மணிக்கு மூடிவிடுவார்கள், மதியத்துக்குள் போய்ச் சேருங்கள். கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதத்துக்கும் ஒரே டிக்கெட்: இந்தியர்களுக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600. நம் முகத்தைப் பார்த்து 40க்கு விடமாட்டார்கள், கடப்பிதழ்தான் கணக்கு. 32 பேருக்கு 19,200 ரூபாய். அது பேக்கேஜில் சேர்த்தியா என்று ஏஜெண்டிடம் இப்போதே கேளுங்கள். நடக்க முடியாதவர்களுக்கு அர்ச்சுனன் தபசு இருக்கிறது. சாலை ஓரத்திலேயே, டிக்கெட் இல்லாமல் பார்க்கலாம்.

காஞ்சிபுரம் 13ஆம் தேதி. கோயில்கள் நண்பகல் வாக்கில் நடை சாத்தி, மாலை நாலு மணி போலத்தான் திறக்கும். காலையில் கோயில், மதியம் சேலைக்கடை. மாற்றி வைத்தால் மூடிய கதவைத்தான் கும்பிடணும். ரவிக்கை தைப்பதையெல்லாம் அங்கே கொடுக்காதீர்கள். கடைசி நாளில் டெய்லர் வாசலில் பஸ் காத்துக் கிடக்கும்.

தி.நகரில் ரங்கநாதன் தெருவுக்குள் பஸ் போகாது. இறங்கும் இடத்தையே ஏறும் இடமாகச் சொல்லி, நாலு மணிக்கு எல்லோரையும் திருப்பி வரச் சொல்லுங்கள். மாலை நெரிசலை நம்பக் கூடாது.

தராசுத்தட்டு:
பெட்டி பற்றி. 13 இரவே எல்லாப் பெட்டியையும் நிறுங்கள். கையில் தூக்கிப் பிடிக்கும் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று குழுவுக்குப் போதும். எடை கூடினால் அன்றே ஆன்லைனில் கூடுதல் கிலோ வாங்கிவிடுங்கள், கவுண்டரில் விலை எகிறும். இருவர் எடையைச் சேர்த்தாலும் ஒரே பெட்டி 32 கிலோவைத் தாண்டக் கூடாது, ஏற்ற மாட்டார்கள்.

குத்துவிளக்கை முழுசாக வைக்காதீர்கள். மரையைக் கழற்றினால் அடி, தண்டு, தட்டு, மேல் அன்னம் எனத் தனித்தனியாக வரும். மரைமேல் துணி சுற்றுங்கள். அது நசுங்கினால் வீட்டில் பூட்டவே முடியாது. கனமான அடிப்பகுதி பெட்டியின் சக்கரப் பக்கம், சுற்றிலும் வேட்டி. தட்டின் விளிம்பு பெட்டிச் சுவரைத் தொடக் கூடாது, வளைந்துவிடும். சின்ன வேல், சூலம் எல்லாம் பெட்டியில்தான், கையில் கூடாது.

கற்பூரம் தீப்பற்றும் பொருள். பெட்டியிலும் கூடாது, கையிலும் கூடாது. கொப்பரைத் தேங்காயும் அப்படித்தான், எண்ணெய் இருப்பதால். தீப்பெட்டி, லைட்டரை ஓட்டலிலேயே விட்டுவிடுங்கள். பவர்பேங்க் நேர்மாறு, கையில் மட்டும்தான். ஊறுகாய், நெய், ராமேஸ்வரத் தீர்த்தம் பெட்டியில்: மூடிக்கு அடியில் பிளாஸ்டிக் தாள் வைத்து இறுக்கி, இரண்டு பைக்குள் போடுங்கள். சக்கரை, பிரஷர் மாத்திரையும் இன்சுலினும் எப்போதும் கையில்.

பட்டுச்சேலையை பிளாஸ்டிக் உறையிலேயே விட்டால் ஈரம் கோத்து ஜரிகை கறுக்கும். பழைய பருத்தி வேட்டியில் சுற்றுங்கள்.

சிப்புட்_குழு:
ரொம்ப நன்றி. வரிசையை மாற்றச் சொல்லிவிட்டேன். மிச்ச ரூபாயை என்ன செய்வது? சில அம்மாக்கள் வில்வக் கன்று, மல்லிகைப் பதியம் கேட்கிறார்கள்.

ஈப்போ_ரோடு:
கன்று, விதை, மண், பழம் எதுவும் வேண்டாம். இங்கே இறக்குமதி பெர்மிட் இல்லாமல் கொண்டுவர முடியாது. கேஎல்ஐஏவில் (கோலாலம்பூர் விமான நிலையம்) பிடித்தால் பொருளும் போகும், அபராதமும் வரும். விபூதி, குங்குமம் தாராளமாக.

ரூபாய் ஆளுக்கு 25,000 வரை கையில் கொண்டுவரலாம். விமான நிலையத்தில் மாற்றினால் ரேட் கொல்லும், டிரைவர் பேட்டாவும் டிப்சும் கொடுத்துவிட்டு மிச்சத்தை இங்கே மாற்றுங்கள்.

கடைசி நாளில் கடப்பிதழ் தொலைந்தால்தான் பெரிய தலைவலி. போலீஸ் புகார், சென்னை மலேசியத் துணைத் தூதரகத்தில் அவசரப் பயணச் சான்று, அதன்பின் இந்தியக் குடிநுழைவுத் துறையின் வெளியேறும் அனுமதி. ஒரே நாளில் முடியாது, நடுவில் சனி ஞாயிறு வந்தால் இன்னும் இழுக்கும். 32 பேருடைய கடப்பிதழ், விசா படத்தையும் இருவர் கைப்பேசியில் வைத்திருங்கள்.

திரும்பும் பஸ்ஸுக்கு: பறப்பது நாலு மணி நேரம், நம் கடிகாரம் இரண்டரை மணி முன்னால். 12.25க்குக் கிளம்பினால் இங்கே காலை ஏழு மணி வாக்கில் இறக்கம். பெட்டி எடுத்து வெளியே வர எட்டரை ஆகும். பஸ்காரரை எட்டு மணிக்கு வரச் சொல்லுங்கள், எந்த டெர்மினல் என்பதையும் சொல்லுங்கள். ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடந்து போக முடியாது.