மருத்துவ உளவியலாளர் ஆவதற்கு எந்தப் படிப்பை நம்பிச் செல்வது?

மீனாள், தேவகோட்டை:

அனைவருக்கும் வணக்கம். நான் திருச்சியில் இளங்கலை உளவியல் இறுதியாண்டு படித்து வருகிறேன். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆக வேண்டும் என்பது என் நெடுநாளைய விருப்பம். வீட்டில் யாரும் தடுக்கவில்லை. ஆனாலும், முதுகலை முடித்த பிறகும் படிக்க வேண்டும் என்றால் எப்போது வேலைக்குப் போவாய் என்று அப்பச்சி கேட்கும்போது என்னிடம் தெளிவான பதில் இல்லை. முதுகலைக்குப் பின் இத்தொழிலுக்காகப் படிக்கும் எம்.ஃபில். படிப்பையே நிறுத்திவிட்டார்கள் என்று சிலர் சொல்கிறார்கள். ஓராண்டு இணையவழி டிப்ளமோ முடித்தால் சொந்தமாகவே கிளினிக் தொடங்கலாம் என்றும் ஒரு விளம்பரம் பார்த்தேன். எது உண்மை? படித்து முடித்த பின் காரைக்குடிப் பக்கமே திரும்பி வந்து பணியாற்ற முடியுமா, அல்லது சென்னையிலோ பெங்களூரிலோதான் இருந்தாக வேண்டுமா? அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

வள்ளியம்மை, மதுரை (மருத்துவ உளவியலாளர்):

அன்புள்ள மீனாளுக்கு, முதலில் அந்த விளம்பரத்தை ஒதுக்கிவிடுங்கள். மருத்துவ உளவியலாளர் யார் என்பதை 2017 ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் வரையறுத்துள்ளது. இந்திய மறுவாழ்வு கவுன்சில், அதாவது ஆர்.சி.ஐ., ஏற்பளித்த படிப்பை முடித்தவருக்கே அந்தத் தகுதி உண்டு. 1992 ஆம் ஆண்டு ஆர்.சி.ஐ. சட்டத்தின்படி பதிவேட்டில் பெயர் இல்லாமல் இத்தொழிலைச் செய்வது தண்டனைக்குரிய குற்றமுமாகும். சான்றிதழ் எவ்வளவு அழகாக அச்சிடப்பட்டிருந்தாலும், ஆர்.சி.ஐ. ஏற்பு இல்லையென்றால் இந்தத் துறையைப் பொறுத்தவரை அதற்கு மதிப்பில்லை.

எம்.ஃபில். பற்றி நீங்கள் கேள்விப்பட்டதில் உண்மை உண்டு. 2022 நவம்பரில் வந்த பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகள் எம்.ஃபில். பட்டத்தையே நீக்கிவிட்டன, மருத்துவ உளவியலுக்கும் மனநலச் சமூகப்பணிக்கும் மட்டும், 2025-26 கல்வியாண்டுச் சேர்க்கை வரை விலக்கு அளிக்கப்பட்டது. இதற்கிடையில் 2024-25 முதல் மருத்துவ உளவியலில் இளங்கலை, முதுகலைப் படிப்புகளை ஆர்.சி.ஐ. அறிமுகப்படுத்தியுள்ளது, சை.டி. என்னும் முனைவர் நிலைப் படிப்பும் உள்ளது. மூத்தவர்கள் நடந்து வந்த பாதையை அப்படியே பின்பற்றலாம் என்று எண்ணாதீர்கள். நீங்கள் விண்ணப்பிக்கும் ஆண்டில் எந்தப் படிப்புக்கு என்ன தகுதி கேட்கிறார்கள் என்பதை ஆர்.சி.ஐ. இணையதளத்திலேயே பாருங்கள்.

படிப்பின் பெயர் மாறினாலும் அதன் உயிர்நாடி மேற்பார்வையின் கீழ் பெறும் பயிற்சிதான். எம்.ஃபில். இரண்டாண்டு முழுநேரப் படிப்பாக வைக்கப்பட்டிருந்தது அதற்காகவே. நோயாளியிடம் ஒரு மணி நேரம் பேசிவிட்டு வந்து, அவர் சொன்னதையும் சொல்லாமல் விட்டதையும் நீங்கள் எழுதிக்கொண்டு போய் ஆசிரியர் முன் வைக்க வேண்டும். தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று ஏன் நேராகக் கேட்கவில்லை என்று அவர் கேட்பார். அந்தக் கேள்வியை ஒரு காணொளிப் பாடம் உங்களிடம் கேட்காது. நமக்கு மருந்து எழுதும் உரிமை இல்லை, அது மனநல மருத்துவருடையது. உளவியல் மதிப்பீடும் உளச்சிகிச்சையும் நம் பொறுப்பு என்பதால், அவற்றில் அரைகுறையாக இருக்க நமக்கு இடமே இல்லை.

சோலையப்பன், காரைக்குடி:

திரும்பி வர முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள் மகளே. வாருங்கள் என்றே ஒரு தகப்பனாகச் சொல்வேன். என் மகனுக்கு அறிவுசார் குறைபாடு உண்டு. மாற்றுத்திறனாளிச் சான்றுக்காக அவனை அழைத்துச் சென்றபோது, உளவியலாளர் இல்லாத நாள் என்று ஒரு மருத்துவமனையில் திருப்பி அனுப்பினார்கள். குறைபாடு 40 விழுக்காடோ அதற்கு மேலோ என்று சான்று வந்தால்தான் பல உதவிகள் கிடைக்கும் என்பதால், அந்த ஒரு மதிப்பீட்டுக்காக எத்தனையோ குடும்பங்கள் கூலி வேலையை விட்டுவிட்டுக் காத்திருக்கின்றன.

பின்னர் வேறோர் இடத்தில் ஓர் இளம்பெண் அவனைச் சோதித்தார். பள்ளங்கள் வெட்டிய மரப்பலகை ஒன்றில் வட்டம், சதுரம், நட்சத்திரம் என்று பத்து மரத்துண்டுகளைப் பொருத்தச் சொல்லி, மூன்று முறை நேரம் குறித்தார். அதன் பிறகு என் மனைவியிடம், சட்டைப் பொத்தானை அவனே போடுவானா, மிச்சக் காசு எண்ணி வாங்குவானா என்று நம் ஊர்ப் பேச்சிலேயே பொறுமையாகக் கேட்டார். அதுவரை எல்லோரிடமும் "எல்லாம் செய்வான்" என்றே சொல்லி வந்தவள், அன்றுதான் உள்ளதை உள்ளபடி சொன்னாள். அந்தப் பெண் தமிழில் கேட்கத் தெரிந்தவராக இருந்தது எங்களுக்கு எவ்வளவு பெரிய உதவி என்பதை உங்கள் அப்பச்சியிடம் சொல்லுங்கள்.

இளங்கோ, பயிற்சி மாணவர்:

பணத்தைப் பற்றி யாரும் சொல்லாததால் எழுதுகிறேன். பெங்களூர் நிம்ஹான்ஸ், ராஞ்சியின் மத்திய மனநல நிறுவனம், சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் உள்ள பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் போன்ற அரசு நிறுவனங்களில் இடங்கள் குறைவு, போட்டி மிகுதி. தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் கட்டணம் லட்சக்கணக்கில் இருக்கும். எம்.ஃபில். சேர்க்கைக்கு முதுகலையில் 55 விழுக்காடு கேட்டார்கள். ஆகவே மதிப்பெண்ணை இப்போதிருந்தே கவனியுங்கள். வார்டு வேலை உங்களுக்கு ஒத்துவருமா என்று அறிய, விடுமுறையில் ஏதேனும் ஒரு சிறப்புப் பள்ளியிலோ மறுவாழ்வு இல்லத்திலோ தன்னார்வலராக இருந்து பாருங்கள்.

மீனாள், தேவகோட்டை:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. வள்ளியம்மை ஆச்சி, ஒரே ஓர் ஐயம். எந்தக் கோயில், யார் வீடு என்று கேட்ட மாத்திரத்தில் ஆளை அறிந்துகொள்ளும் ஊர் நம்முடையது. இங்கே ஒருவர் என்னிடம் வந்து மனம்விட்டுப் பேசுவாரா?

வள்ளியம்மை, மதுரை:

நியாயமான ஐயம். பெண் பார்க்கும் நேரத்தில் பேச்சு வந்துவிடும் என்று அஞ்சி, சிகிச்சைக்கே வராமல் ஆண்டுகளைக் கடத்தும் குடும்பங்களை நான் அறிவேன். நம் பக்கத்தில் பலர் இன்றும் மனநோயாளிகளை முதலில் ஏர்வாடி தர்காவுக்கோ குணசீலம் கோயிலுக்கோதான் அழைத்துச் செல்கிறார்கள். அவர்களது நம்பிக்கையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடிக் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த நிலையில் நோயாளிகள் தப்ப முடியாமல் 28 பேர் உயிரிழந்ததை நம் மாவட்டங்கள் மறந்துவிடக் கூடாது. சிகிச்சை அருகிலும் நம்பகமாகவும் இருந்தால் அத்தகைய இடங்களுக்கு நோயாளியை ஒப்படைக்கும் தேவை குறையும்.

2017 சட்டத்தின் 23 ஆவது பிரிவு நோயாளியின் தகவலை வெளியிடக் கூடாது என்கிறது. சிற்றூரில் அதைக் காப்பாற்றச் சில ஏற்பாடுகள் வேண்டும். உறவினரை நீங்களே பார்க்காமல் மதுரைக்கோ திருச்சிக்கோ அனுப்பிவிடுங்கள். ஒருவர் வெளியேறிய பின் அடுத்தவர் வரும்படி நேரம் கொடுங்கள். கோயில் திருவிழாவில் உங்களிடம் சிகிச்சை பெறுபவர் எதிர்ப்பட்டால், அவராகப் பேசும் வரை நீங்கள் பேசாதீர்கள். நேரில் வரவே தயங்குபவர்களுக்கு தொலைபேசியில் மனநல ஆலோசனை தரும் டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணைச் சொல்லலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய கட்டணமில்லா அரசு சேவை அது, தமிழிலும் பேசலாம்.

கல்லூரியில் சேரும் முன் இன்னொன்றைப் பாருங்கள். ஆர்.சி.ஐ. ஏற்பு ஒவ்வொரு படிப்புக்கும் குறிப்பிட்ட இடங்களுக்கும் காலத்துக்கும் தனித்தனியாக வழங்கப்படுவது. கல்லூரியின் பெயர் பட்டியலில் இருந்தால் மட்டும் போதாது. உங்கள் படிப்பும் நீங்கள் சேரும் கல்வியாண்டும் அதில் அடங்கியிருக்கின்றனவா என்று பார்த்த பிறகே கட்டணம் செலுத்துங்கள்.