புதுப்பிப்பு: 230 மி.மீ. தூண் விவாதம்

ஒன்பது அங்குலச் சுவருக்குள் மறையும் 230 மி.மீ. தூண் சென்னைக்குச் சரியா என்ற முந்தைய இழையில், "தூணின் சிறிய பக்கம் 300 மி.மீ. இருந்தால் போதும்" என்று எழுதியிருந்தேன். அது பாதிதான், திருத்திக்கொள்கிறேன்.

நிலநடுக்கத்தைத் தாங்கும் கான்கிரீட் கட்டடங்களுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 13920:2016 இன்னொரு வரம்பும் வைக்கிறது. தூணும் பீமும் சேரும் மூட்டுக்குள் வரும் பீம் கம்பியின் விட்டத்தைப் போல் 20 மடங்காவது தூணின் சிறிய பக்கம் இருக்க வேண்டும். 16 மி.மீ. கம்பிக்கு 320, 20 மி.மீ. கம்பிக்கு 400. நிலநடுக்கத்தில் கம்பி தூணின் ஒரு முகத்தில் இழுபடும், மறுமுகத்தில் அமுக்கப்படும். நடுவில் பிடிமான நீளம் போதாவிட்டால் மூட்டுக்குள்ளேயே வழுக்கும்.

300-க்கு மேல் இடமில்லையென்றால் பீமில் 12 மி.மீ. கம்பிகளை எண்ணிக்கை கூட்டிப் போடுங்கள். கான்கிரீட்டை அதிர்த்து இறுக்கும் வைப்ரேட்டர் ஊசி இறங்க, கம்பிகளுக்கு நடுவே இடைவெளி விடுங்கள்.

"சென்னை மிதமான நிலநடுக்க அபாயமுள்ள மூன்றாம் மண்டலம்தானே" என்ற வாதத்தை மட்டும் ஏற்கவே முடியாது. விதி அங்கும் பொருந்தும்.