வீ கன்சோல்ல ஸ்பைடர்மேன் கை வேலை செய்யல, அவசரம்!!

சொக்கன்கடை:
வணக்கம் நண்பர்களே. நின்டெண்டோ வீ கேம் கன்சோல்ல ஸ்பைடர்மேன் போட்டா கை வேலை செய்ய மாட்டேங்குது. பேட்டரி மாத்தியாச்சு. ஆஃப் பண்ணி ஆன் பண்ணியாச்சு. நாளைக்கு அக்கா பசங்க வராங்க, அதுக்காகத்தான் பரண்ல இருந்து இதை இறக்கினதே. தெரிஞ்சவங்க சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்.

மாடிவீட்டு மைனர்:
எந்த ஸ்பைடர்மேன்? வீ-க்கு மட்டுமே ஸ்பைடர்மேன் 3, ஃப்ரெண்ட் ஆர் ஃபோ, வெப் ஆஃப் ஷேடோஸ், ஷாட்டர்ட் டைமென்ஷன்ஸ், எட்ஜ் ஆஃப் டைம், அமேசிங்னு ஒரு வண்டி இருக்கு. எந்தக் கை? உங்க கையா, அவன் கையா?

கரண்ட்கட்:
செட் எந்த ஊர்ல வாங்கினது? அமெரிக்காவுல இருந்து வந்ததுன்னா அடாப்டர் 120 வோல்ட். வெளிய 12 வோல்ட், 3.7 ஆம்பியர் கொடுக்கணும். நம்ம ஊர்ல ஸ்டெப்-டவுன் போட்டு ஓட்டினா அந்த டப்பா சூடாகி வோல்டேஜ் இறங்கும். எனக்குத் தெரிஞ்சு பாதி பிரச்சினை கரண்ட்தான். மீட்டர் வச்சுப் பாருங்க.

தூத்துக்குடி மக்ரூன்:
டிவி பக்கத்துல விளக்கு ஏதும் எரியுதா? குத்துவிளக்கு, மெழுகுவத்தி, பழைய குண்டு சீரியல் லைட்? இல்ல சாயங்கால வெயில் நேரா டிவி மேல விழுதா? அதான் காரணம். ரிமோட் தீபத்தைப் பார்த்துக் குழம்பும். டிவி பக்கத்துல வைக்கற சென்சார் பார் அறுந்து போனவங்க ரெண்டு மெழுகுவத்தி வச்சே ஆடியிருக்காங்க, தேடிப் பாருங்க.

பழைய கேசட்:
இந்த மாதிரி "வேலை செய்யல" இழை வாரத்துக்கு ஒண்ணு வருது. கேக்கறதுக்கு முன்னாடி மேல ஒட்டி வச்சிருக்கற குறிப்பை யாரும் படிக்கறதில்ல. சரி, அடிப்படையில இருந்து சொல்றேன், கவனமா கேட்டுக்கங்க.

சென்சார் பார்ல சென்சாரே கிடையாது. ரெண்டு முனையிலயும் அகச்சிவப்பு எல்இடி, அவ்வளவுதான். கேமரா இருக்கறது ரிமோட்டோட மூக்குல. அந்த ரெண்டு புள்ளியைப் பார்த்துத்தான் திரையில அம்பு எங்க இருக்கணும்னு கணக்குப் போடுது. விளக்கு, வெயில் எல்லாம் கெடுக்கறது அந்த அம்பை மட்டும்தான். கையை ஆட்டறது தனிக் கணக்கு. அதுக்கு ரிமோட்டுக்குள்ள அசைவை உணர்ற முடுக்கமானி இருக்கு, ரிமோட்டோட வயர்ல மாட்டி இன்னொரு கையில பிடிக்கற நன்சக்குக்குள்ள அதுக்குன்னு தனியா ஒண்ணு இருக்கு. பட்டன் எல்லாம் ப்ளூடூத்ல போகுது. பாரைக் கழட்டி வீசிட்டாக்கூட ஆட்டறதும் பட்டனும் வேலை செய்யும்.

கரண்ட்கட் அவர்களே, ரிமோட் ரெண்டு ஏஏ பேட்டரியில ஓடுது. அடாப்டருக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

இழை போட்டவர் சொல்ல வேண்டியது: எந்த கேம், எந்தக் கை, அம்பா ஆட்டறதா, ரிமோட் அசலா டூப்ளிகேட்டா. இதெல்லாம் தெரியாம இங்க யாரும் ஜோசியம் பார்க்க முடியாது.

கரண்ட்கட்:
சம்பந்தம் இல்லன்னு நீங்க சொல்றீங்க. கன்சோலுக்குக் கரண்ட் சரியா போகலன்னா ப்ளூடூத் எப்படிங்க சரியா இருக்கும்?

சொக்கன்கடை:
சாரி, கடையில கூட்டம். ஸ்பைடர்மேன் 3. இடது கைதான் வரல. வலது கை நூல் விடுது, கட்டடத்துக்குக் கட்டடம் தாவுது. இடது கைக்கு இசட் பட்டனை அழுத்தி நன்சக்கை வீசினா சில நேரம் விடுது, சில நேரம் ஆள் நடுத்தெருவுல டாக்ஸி மேல விழறான். சித்தப்பா அமெரிக்காவுல இருந்து கொண்டு வந்த செட்டு. விளக்கு இருக்கு, இன்னைக்கு வெள்ளிக்கிழமை. குளிர வைக்கச் சொன்னா அம்மாகிட்ட திட்டு விழும்.

தூத்துக்குடி மக்ரூன்:
பாத்தீங்களா! விளக்கு இருக்கு!

பழைய கேசட்:
இடது கை நூலுக்கும் விளக்குக்கும் சம்பந்தமில்லன்னு இப்பத்தானே எழுதினேன். தமிழ்லதானே எழுதினேன்?

நடுநிசி:
சொக்கன்கடை, பதற வேண்டாம். கோளாறு கேம்லயா நன்சக்லயான்னு முதல்ல பிரிச்சுடலாம். செட்டோட வீ ஸ்போர்ட்ஸ் டிஸ்க் வந்திருக்கும், அமெரிக்க செட்னா பெரும்பாலும். அதுல பாக்ஸிங் போடுங்க. அந்த டிஸ்க்ல நன்சக் கேக்கற ஒரே ஆட்டம் அதுதான். நன்சக்கை மெதுவா மேல தூக்குங்க, பொம்மையோட இடது முஷ்டி கூடவே வரணும். அப்புறம் வேகமா முன்னாடி குத்துங்க. மெதுவா தூக்கும்போது வந்து, வேகமா குத்தும்போது போச்சுன்னா ஒரு காரணம். ரெண்டுலயும் வரலைன்னா வேற காரணம். பார்த்துட்டு சொல்லுங்க.

நன்சக்ல இருக்கற குச்சி ஒரு பக்கமா இழுத்தா அது வேற. ரிமோட்ல ஏ, பி, பிளஸ், ஹோம் நாலு பட்டனையும் சேர்த்து மூணு வினாடி அழுத்தினா நடு நிலைக்கு வந்துடும். உங்க பிரச்சினை அது இல்லைன்னு நினைக்கிறேன்.

மாடிவீட்டு மைனர்:
இன்னொண்ணு. எப்படி வீசறீங்க? எங்க வீட்டுல அப்பா தென்னை மட்டை எறியற மாதிரி முழுக் கையையும் சுத்துவார், ஒண்ணும் வராது. மணிக்கட்டை மட்டும் சுண்டணும். முடுக்கமானிக்குக் கை எவ்வளவு தூரம் போச்சுன்னு தெரியாது, எவ்வளவு திடீர்னு வேகம் எடுத்துச்சுன்னுதான் தெரியும். சோபாவுல சாய்ஞ்சுக்கிட்டே ஆடலாம்.

பொத்தான் பிரியன்:
சோபாவுல சாய்ஞ்சுக்கிட்டு சுண்டறதுக்கு ஒரு பட்டனை அழுத்திட்டுப் போகலாமே? இதைத்தான் 2006-ல இருந்து சொல்லிட்டிருக்கேன். சூப்பர்ஹீரோ கேமுக்கும் ஆட்டறதுக்கும் ஒத்து வராது. மார்வெல் அல்டிமேட் அலையன்ஸ் நினைவிருக்கா? அமெரிக்காவுல வீ வந்த அந்த நவம்பர்லயே வந்த கேம். நல்ல கேம், இருபது பேருக்கு மேல ஹீரோ. ஆனா வீ-ல ஒவ்வொரு சக்திக்கும் ரிமோட்டை மேல வெட்டு, கீழ வெட்டு, முன்னாடி குத்து, உலுக்கு. நான் தோர் மாதிரி சுத்தியலை இறக்கணும்னு நினைச்சா அது வேற ஏதோ செய்யும். கூட்டத்துக்கு நடுவுல யாருக்கு இதெல்லாம் நிதானமா வரும்?

மாடிவீட்டு மைனர்:
அல்டிமேட் அலையன்ஸ் பட்டனுக்காகப் பண்ணின கேம், அதை இழுத்துட்டு வந்து ஆட்டச் சொன்னாங்க. ஸ்பைடர்மேன் 3 அப்படி இல்ல. ரெண்டையும் வீ-க்குப் பண்ணினது விகேரியஸ் விஷன்ஸ் கம்பெனிதான், ஆனா இங்க ரெண்டு கைக்கும் ரெண்டு நூல். வலது, இடது, வலது, இடதுன்னு மாத்தி மாத்தி வீசிக்கிட்டுப் போற தாளம் வேற எந்த கன்சோல்லயும் கிடைக்காது. கிராஃபிக்ஸ் சுமார், ஊர் சின்னது, மோர்பியஸ் கதையெல்லாம் நடுவுல வந்து நிக்கும், ஒத்துக்கறேன். நூல் விடறது மட்டும் அசத்தல்.

பொத்தான் பிரியன்:
தாளமாம். 2004-ல வந்த ஸ்பைடர்மேன் 2 ஆடியிருக்கீங்களா? ட்ரெயார்க் செய்தது. நூல் நிஜமாவே கட்டடத்துல ஒட்டணும், கட்டடம் இல்லாத இடத்துல ஒட்டாது. எல்லாமே பட்டன். அதுக்கு மேல ஒண்ணு இன்னும் வரலன்னு நான் சொல்லுவேன். வீ-க்கு முந்தின நின்டெண்டோ கன்சோலான கேம்க்யூப்போட டிஸ்க் கிடைச்சா வீ-லயே போடலாம், மேல மூடிக்குள்ள கேம்க்யூப் கன்ட்ரோலர் சொருக நாலு ஓட்டை இருக்கு.

பழைய கேசட்:
எல்லா வீ-லயும் இல்ல. முதல்ல வந்த ஆர்விஎல்-001 மாடல்ல இருக்கு. 2011 கடைசியில வந்த படுக்க வைக்கிற மாடல்ல அந்த ஓட்டையும் இல்ல, டிஸ்க்கும் எடுக்காது. பாதி தகவல் சொல்லி ஆளை வாங்க வைக்காதீங்க. அதோட அமெரிக்க செட்டுக்கு அமெரிக்க டிஸ்க்தான், ரீஜியன் பூட்டு உண்டு.

ஸ்கார்பரோ குளிர்:
இஞ்ச எங்கட வீட்டு பேஸ்மென்டிலயும் இதே சாமான்தான் கிடக்கு, பிள்ளையள் இப்பவும் எடுத்து விளையாடுவினம். தம்பி, நன்சக்கின்ர பிளக்கைப் பாத்தனீங்களோ? அதில சின்னக் கொக்கி ஒண்டு இருக்கும். ரிமோட்டின்ர கைவார்க் கயிறை அந்தக் கொக்கிக்குள்ளால விட்டுத்தான் கட்ட வேணும். கனபேர் அதைச் செய்யிறேல்ல. இடது கையை எறியேக்க வயர் இழுபட்டு பிளக் ஒரு நொடிக்குக் கழண்டு திரும்ப ஒட்டும்.

கைவாரையும் போடச் சொல்லுங்கோ பிள்ளையளிட்ட. 2006 டிசம்பரில வார் அறுந்து ரிமோட் பறக்குது எண்டு நின்டெண்டோ 32 லட்சம் வாரை மாத்திக் குடுத்தவை. பிறகு ரிமோட்டுக்கு ரப்பர் சட்டையும் சும்மா அனுப்பினவை.

மாடிவீட்டு மைனர்:
பொத்தான் பிரியன், ஸ்பைடர்மேன் 2 நல்ல கேம்தான், யார் இல்லைன்னா? ஆனா அது பத்து வயசுப் பையன் கையில கொடுத்தா சுவத்துல முட்டிக்கிட்டே இருப்பான். இதைக் கொடுங்க, ரெண்டு நிமிஷத்துல ஊரைச் சுத்துவான். அவர் அக்கா பசங்களுக்குத்தானே கேக்கறார்.

பொத்தான் பிரியன்:
பசங்களுக்குன்னா லெகோ பேட்மேன் போடுங்க. இல்லைன்னா 2010-ல வேஃபார்வர்ட் பண்ணின பேட்மேன் பிரேவ் அண்ட் த போல்ட், ரெண்டு பேர் சேர்ந்து ஆடலாம், பக்கவாட்டுல ஓடற பழைய பாணி. நின்டெண்டோவோட கையடக்க கன்சோல் டிஎஸ் இருந்தா அதை இணைச்சு மூணாவதா ஒருத்தன் பேட்-மைட்டா வந்து மேல இருந்து சாமான் போடலாம். சண்டை இல்லாம நேரம் போகும்.

கரண்ட்கட்:
ஸ்டெப்-டவுன் டப்பா எத்தனை வாட்னு அவர் இன்னும் சொல்லவே இல்ல.

சொக்கன்கடை:
அம்மாவே விளக்கைக் குளிர வச்சுட்டாங்க, நேரமாச்சுன்னு. ஒண்ணும் மாறல. பாக்ஸிங் போட்டேன். மெதுவா தூக்கினா முஷ்டி வருது. குத்தினா ரெண்டு குத்துக்கு ஒருதடவை திரையில ஒரு கட்டம் வந்து நிக்குது, நன்சக்கை இணைக்கச் சொல்லி. அது ஸ்பைடர்மேன்லயும் வரும், நான் ஏ அழுத்திட்டுப் போயிடுவேன்.

பழைய கேசட்:
...

இதை முதல் பதிவுல எழுதியிருந்தா இழை நாலு வரியில முடிஞ்சிருக்கும். திரையில எழுத்துல சொல்லுது, "இணைக்கவும்"னு. அதை அழுத்திட்டுப் போயிட்டு இங்க வந்து கை வரலைன்னு கேக்கறது!

நடுநிசி:
விடுங்க, பரவாயில்ல. அப்போ முடுக்கமானி நல்லா இருக்கு, இணைப்புதான் விடுது. ஸ்கார்பரோக்காரர் சொன்னதுதான். பிளக்கைக் கழட்டி உள்ள தகட்டைப் பாருங்க, பரண் தூசி, பச்சையா ஏதாவது பிடிச்சிருந்தா காஞ்ச துணியில சுரண்டாம துடைங்க. ரெண்டு பக்கமும் "டக்"னு மாட்டுதான்னு பாருங்க. அப்புறம் நன்சக் வயரைப் பிளக்குக்கிட்ட பிடிச்சு லேசா வளைங்க, ஆட்டாமலே கட்டம் வந்தா வயர் உள்ள அறுந்திருக்கு, நன்சக்தான் மாத்தணும். ரிமோட்டுக்கும் நன்சக்குக்கும் நடுவுல வேற ஏதாவது மாட்டியிருக்கா?

தூத்துக்குடி மக்ரூன்:
இருந்தாலும் விளக்கை டிவிக்குக் கொஞ்சம் தள்ளியே வைங்க. மெனுவுல அம்பு ஆடாம நிக்கும்.

சொக்கன்கடை:
அந்தக் கட்டையைக் கழட்டிட்டு நேரா சொருகினேன். ரெண்டு கையும் வருது. பசங்க ராத்திரியே வந்து இறங்கிட்டாங்க. நன்றி எல்லாருக்கும்.

மாடிவீட்டு மைனர்:
எந்தக் கட்டை??

கரண்ட்கட்:
கட்டையா?

நடுநிசி:
மோஷன்ப்ளஸ்ஸா இருக்கும். ரிமோட் வாலுல மாட்டற வெள்ளைக் கட்டை, 2009-ல வந்தது, சுழற்சியை அளக்கற கைரோ அதுக்குள்ள. அதோட அடியில நன்சக் சொருகற ஓட்டை உண்டு. ஆக ஒரு மூட்டுக்குப் பதிலா ரெண்டு மூட்டு. அதுல ஒரு பூட்டு நகர்த்தி இருக்கும், அதைத் தள்ளாம விட்டா இழுக்கும்போது விடும். ஸ்பைடர்மேன் 3 வந்தது 2007, அந்தக் கேமுக்கு அந்தக் கட்டையால ஒரு பயனும் இல்ல. சொக்கன்கடை, அது அசலா, பேர் போடாத டூப்ளிகேட்டா? பூட்டு போட்டு மறுபடி மாட்டிப் பார்த்தீங்களா? அடுத்து இதே சிக்கல்ல வர்றவங்களுக்கு உதவும்.

பழைய கேசட்:
பதில் வராது. காரியம் முடிஞ்சா யாரும் திரும்பறதில்ல.

பொத்தான் பிரியன்:
கைரோ கட்டை, கட்டைக்கு ஒரு மூட்டு, மூட்டுக்கு ஒரு பூட்டு, பூட்டுக்கு மேல ரப்பர் சட்டை. கேம்க்யூப் கன்ட்ரோலருக்கு ஒரே வயர்.

மாடிவீட்டு மைனர்:
ஆரம்பிச்சுட்டார்யா.

நெல்லை_அல்வா:
வணக்கம், எனக்கும் இதே பிரச்சினை. ஆனா வெப் ஆஃப் ஷேடோஸ், வலது கை, கட்டை எதுவும் இல்ல. என்ன செய்யலாம்?

பழைய கேசட்:
அப்போ இதே பிரச்சினை இல்ல. புது இழை தொடங்குங்க. திரையில ஏதாவது எழுத்து வந்தா அதையும் சேர்த்து எழுதுங்க.